ரைன் கரையில் இரண்டு நகராட்சிகள்

பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் டி தடத்து டிராமில் ஏறினால், ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் நகரத்தில் நகராட்சி அலுவலகத்துக்கு அருகே இறங்கலாம். 2017 ஏப்ரலில் கேல் ரயில் நிலையம் வரைக்கும், அடுத்த ஆண்டு நவம்பரில் ஊருக்குள் நகராட்சி வரைக்கும் தடம் நீண்டது. வண்டி ஒன்றுதான், சட்டம் இரண்டு. டிராமின் கட்டமைப்புக்கும் ஓட்டத்துக்கும் ஜெர்மனியில் தனி விதித்தொகுப்பு இருக்கிறது. திரும்பும் திசையைக் காட்டும் விளக்கிலிருந்து பிரேக் விளக்கு வரை அதில் கணக்கு உண்டு. ஆகவே ஸ்ட்ராஸ்பூர்க் போக்குவரத்து நிறுவனம், பாலம் தாண்டும் தடத்துக்கென்றே ஜெர்மன் விதிக்குப் பொருந்தும் வண்டிகளை வாங்கியது. இரு நாட்டு உறவைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1963 ஜனவரி 22 அன்று பிரெஞ்சு அதிபர் டி காலும் ஜெர்மன் சான்சலர் அடெனவரும் எலிசே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதைச் சொல்வார்கள். தலைவர்கள் தழுவிக்கொள்ளும் படத்தைப் போடுவார்கள். பிரேக் விளக்கை யாரும் படம் எடுப்பதில்லை. ஆனால் இந்த இரு நாடுகளின் எல்லையோரத்தில் பகை தணிந்து பழக்கம் ஏற்பட்டதற்கு, உள்ளாட்சிகள் செய்துகொண்ட இதுபோன்ற சலிப்பூட்டும் ஏற்பாடுகள்தாம் பெரிய காரணம் என்பது என் வாதம். கூட்டு வேலை முதலில் வந்தது, நட்பு அதன் பின்னால் வந்தது. உள்ளாட்சியின் அதிகாரம் எங்கே நிற்கிறதோ, அங்கே அந்த நட்பும் திணறுகிறது.

பகை எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதற்குக் கேல் ஊரின் கதையே போதும். ஸ்ட்ராஸ்பூர்க் அடங்கிய அல்சாஸ் பகுதி 1871-இல் ஜெர்மனிக்குப் போனது, 1918-இல் பிரான்ஸுக்குத் திரும்பியது, 1940-இல் ஹிட்லர் பறித்துக்கொண்டார், போர் முடிந்தபோது மறுபடியும் பிரான்ஸ். முக்கால் நூற்றாண்டில் நான்கு முறை கைமாற்றம். 1944 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் விடுதலையானதும், எதிர்க்கரையில் இருந்த கேல் மக்கள் ஊரைக் காலி செய்தார்கள். போருக்குப் பின் பிரெஞ்சுப் படை கேலைப் பிடித்து, ஸ்ட்ராஸ்பூர்க்கின் புறநகரைப் போல வைத்துக்கொண்டது. குண்டுவீச்சில் வீடிழந்த பிரெஞ்சுக் குடும்பங்கள் அங்கே குடியேறின. கேல் மக்களுக்கு ஊர் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கிடைத்து, கடைசிப் பகுதியும் கைக்கு வந்தபோது 1953 ஏப்ரல் ஆகிவிட்டது. தன் வீட்டில் அடுத்த நாட்டுக்காரர் சமைத்துச் சாப்பிட்டதைப் பார்த்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையிடம் போய், அன்பாக இருங்கள் என்று மேடையில் முழங்கியிருந்தால் எதுவும் நடந்திருக்காது.

நடந்தது வேறு. 1960-இல் ஐரோப்பா பாலம் என்ற சாலைப் பாலம் வந்தது. அதன் பிறகு தடையாக நின்றது மனக்கசப்பைவிடச் சட்டம்தான். அயல்நாட்டோடு ஒப்பந்தம் போடுவது தலைநகரத்தின் உரிமை. ஒரு பிரெஞ்சு மேயர் எதிர்க்கரை மேயரோடு சேர்ந்து சாக்கடைச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட விரும்பினால், கையெழுத்துப் போட அவருக்கு அதிகாரமே இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு படிகள் தேவைப்பட்டன. முதலில், 1980-இல் ஐரோப்பிய கவுன்சில் மாட்ரிடில் ஒரு பொது உடன்படிக்கையை வகுத்தது. அது நல்லெண்ணம், அவ்வளவுதான். உண்மையான சாவி 1996 ஜனவரியில் கிடைத்தது: பிரான்ஸ், ஜெர்மனி, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து நான்கும் சேர்ந்து செய்துகொண்ட கார்ல்ஸ்ரூ ஒப்பந்தம். இதன்படி எல்லையோர நகராட்சிகள் தமக்கு உள்நாட்டுச் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரத்துக்கு உட்பட்டு, தலைநகரத்தின் வாசலில் காத்திருக்காமல், தங்களுக்குள் நேரடியாக ஒப்பந்தம் போடலாம். ஒரு நிபந்தனை: தகராறு வந்தால் எந்த நாட்டுச் சட்டம் செல்லும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். சட்டம் ஒழுங்கு போன்ற போலீஸ் அதிகாரங்களை மட்டும் இப்படிக் கைமாற்ற முடியாது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு படி போய், எல்லை தாண்டிய உள்ளாட்சிக் கூட்டமைப்புகள் தனிச் சட்ட ஆளுமையோடு பதிவுசெய்துகொள்ள வழி செய்தது. ஸ்ட்ராஸ்பூர்க்கையும் அதன் எதிர்க்கரையில் உள்ள ஓர்ட்டெனாவ் வட்டாரத்தையும் இணைத்த யூரோ மாவட்டம் 2010-இல் அந்த வடிவத்துக்கு மாறியது. தன் பெயரில் ஆள் எடுக்கலாம், பட்ஜெட் போடலாம்.

இந்தச் சட்ட விவரங்களால் சாதாரண மக்களுக்கு என்ன வந்தது? ஸ்ட்ராஸ்பூர்க்கின் துறைமுகப் பகுதியில் 2014-இல் திறந்த குழந்தைகள் காப்பகத்தைப் பாருங்கள். 60 இடங்கள், பாதி பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு, பாதி ஜெர்மன் குழந்தைகளுக்கு. பராமரிப்பவர்களும் இரு மொழிக்காரர்கள். கேட்க எளிது. ஆனால் பிரான்ஸில் காப்பகத்தில் சேரும் குழந்தைக்குச் சில தடுப்பூசிகள் கட்டாயம், ஜெர்மனியில் அந்தச் சமயத்தில் எதுவும் கட்டாயமில்லை. ஒரு பணியாளருக்கு எத்தனை குழந்தைகள், யாருடைய படிப்புச் சான்றிதழ் செல்லும், கட்டணத்தில் எந்த அரசின் மானியம் கழியும் என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து தீர்க்க வேண்டும். இதைவிடக் கூர்மையான உதாரணம் ஜெர்மனியின் சார்லாந்து மாநில எல்லையில் இருக்கிறது. பிரான்ஸின் ஃபோர்பாக் வட்டாரத்தில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், உடனே ரத்தக் குழாய் அடைப்பை எடுக்கும் வசதியுள்ள பெரிய பிரெஞ்சு மருத்துவமனை தூரத்தில். எல்லைக்கு அப்பால் ஃபோல்க்லிங்கனில் உள்ள ஜெர்மன் இதய மையமோ அருகில். மாரடைப்பில் நிமிஷம்தான் உயிர். இரு நாடுகளும் 2005-இல் மருத்துவ ஒத்துழைப்புக்கான சட்டகத்தைப் போட்டன. அதைப் பற்றிக்கொண்டு 2013-இல் இரு பக்க மருத்துவமனைகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அதன் பிறகு பிரெஞ்சு நோயாளி ஜெர்மன் மேசையில் படுக்கிறார், செலவை அவருடைய பிரெஞ்சுக் காப்பீடு ஏற்கிறது. அதே வட்டாரத்தில் ஜெர்மனியின் சார்புரூக்கன் நகர டிராம் 1997 முதல் பிரான்ஸின் சார்கெமின் நிலையம் வரை போய்த் திரும்புகிறது.

நட்பையே நேரடியாக விதைக்கும் முயற்சியும் நடந்தது, அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. போர் முடிந்து ஐந்தே வருடத்தில், 1950-இல், பிரான்ஸின் மோன்பெலியாரும் ஜெர்மனியின் லுட்விக்ஸ்புர்க்கும் இரட்டை நகரங்களாக இணைந்தன. மோன்பெலியார் மேயர் லூசியன் தாராதின், நாஜிகளின் புக்கன்வால்ட் முகாமில் அடைபட்டு உயிர்தப்பியவர். அப்படிப்பட்டவர் கை நீட்டியது சாதாரணமல்ல. அதைப் பார்த்து இன்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள் ஜோடி சேர்ந்திருக்கின்றன. ஆனால் அந்த ஊர்கள் ஒன்றுக்கொன்று தூரத்தில் இருப்பவை. பாடகர் குழு போகும், மாணவர்கள் தங்கிவருவார்கள், விருந்து நடக்கும், முன்னின்று நடத்தியவர்களுக்கு வயதானால் வேகம் குறையும். அண்டை ஊர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆறு ஒன்று, காற்று ஒன்று. 1974 செப்டம்பரில் அல்சாஸின் மார்கொல்சைம் கிராமத்தில் ஈய ரசாயன ஆலை வரப்போகிறது என்றதும், மறுகரை ஜெர்மன் விவசாயிகளும் வந்து சேர்ந்து அந்த நிலத்தில் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். ஆலை வரவில்லை. சில மாதம் கழித்து 1975 பிப்ரவரியில் ஜெர்மன் பக்கம் வீல் கிராமத்தில் அணு உலை கட்ட ஆரம்பித்தபோது அல்சாஸ்காரர்கள் படகிலும் பாலத்திலும் வந்து கூட நின்றார்கள். அந்த உலையும் எழவில்லை. இரு கரை மக்களும் பேசிய வட்டார வழக்கு ஏறக்குறைய ஒன்றே என்பது உதவியது. ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், பொது ஆபத்து ஒன்றே அவர்களைச் சேர்த்தது. மனத்தாங்கல் தீர்ந்த பிறகுதான் சேர்ந்து வேலை செய்ய முடியும் என்பவர்களுக்கு இந்த இரண்டு கிராமங்களும் பதில்.

இதெல்லாம் பணக்கார நாடுகளின் விளையாட்டு, ஐரோப்பிய ஒன்றியம் காசு கொட்டுகிறது, அதனால் நடக்கிறது என்று ஒரு மறுப்பு வரலாம். 1990 முதல் எல்லை வட்டாரத் திட்டங்களுக்கு ஒன்றியம் நிதி தருவது உண்மை. ஆனால் பணம் பாலம் கட்டும். அந்தப் பாலத்தில் ஓடும் வண்டிக்கு எந்தச் சட்டம் என்று பணம் சொல்லாது. இன்னொரு மறுப்பு கொஞ்சம் கேலியாக வரும்: டிராமில் போகிறவர்கள் ஒற்றுமை வளர்க்கவா போகிறார்கள், மலிவான சிகரெட் வாங்கத்தானே? கேலியில் நிஜம் இருக்கிறது. புகையிலை வரி பிரான்ஸில் அதிகம். கேல் தெருக்களில் புகையிலைக் கடைகளும் சூதாட்ட நிலையங்களும் முளைத்து, ஊர்க்காரர்களுக்கே எரிச்சலாகியிருக்கிறது. நகராட்சிக்கும் அது தீராத தலைவலி. சோப்பும் ஷாம்பூவும் வாங்க ஸ்ட்ராஸ்பூர்க்கிலிருந்து வருகிறவர்களும் ஏராளம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? சந்தைக்குப் போகிற பழக்கம்தான் எந்த எல்லையிலும் முதல் போக்குவரத்து. அந்தக் கூட்டம் கொண்டுவரும் தொல்லையைச் சமாளிக்கவும் இரு நகராட்சிகளும் பேசியாக வேண்டும் என்பது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறதே தவிர, குறைக்கவில்லை.

மொழி பற்றிய கவலைக்கு என்னிடம் அப்படிச் சுலபமான பதில் இல்லை. அல்சாஸின் முதியவர்கள் வீட்டில் பேசிய ஜெர்மானிய வழக்கு இளையவர்களிடம் தேய்ந்துவருகிறது. ஜெர்மன் கரையில் பிரெஞ்சு படிக்கும் ஆர்வத்தை ஆங்கிலம் விழுங்குகிறது. அல்சாஸ், லொரேன் பகுதிகளிலிருந்து பல பத்தாயிரம் பேர் தினமும் ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறார்கள். மொழி தெரிந்த தலைமுறை ஓய்வுபெற்றால் அந்த இடத்தை யார் நிரப்புவது? 2023 ஜூலையில் லாட்டர்பூர்கில் இரு நாடுகளும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், ஒரு நாட்டில் வகுப்பும் மறு நாட்டில் தொழிற்பயிற்சியுமாக இளைஞர்கள் படிக்க வழி செய்கிறது. நல்ல வழிதான். ஆனால் வீட்டில் மறைந்த மொழியைக் காகிதம் திருப்பிக் கொண்டுவராது.

எல்லாவற்றிலும் பலமான மறுப்பு 2020-இல் வந்தது. கொரோனா பரவியபோது மார்ச் 16 அன்று ஜெர்மனி எல்லையை மூடியது. டிராம் பாலத்தோடு நின்றது. குடும்பங்கள் பிரிந்தன. சார்லாந்தில் வேலைக்குப் போன பிரெஞ்சுக்காரர்கள் சிலர் மீது வசவு விழுந்தது. அந்த மாநிலத்தைச் சேர்ந்தவரான ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஹைக்கோ மாஸ் அதைப் பகிரங்கமாகக் கண்டிக்க வேண்டியிருந்தது. மூன்று மாதம் கழித்து ஜூன் 15-இல்தான் எல்லை முழுதாகத் திறந்தது. இத்தனை ஆண்டு ஒத்துழைப்பும் வெறும் பூச்சுதானா என்று கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மூடும் முடிவு யாருடையது என்று பாருங்கள்: பெர்லினுடையது. எல்லையோர மேயர்கள் அதைக் கேட்கவில்லை, பலர் எதிர்த்தார்கள். அதே வாரங்களில் பாடன்-வுர்ட்டம்பர்க், சார்லாந்து, ரைன்லாந்து-பலாட்டினேட் மாநில மருத்துவமனைகள், திணறிய அல்சாஸிலிருந்து தீவிர சிகிச்சை நோயாளிகளை ஏற்றுக்கொண்டன. வட்டாரத்தின் கையில் இருந்தது நடந்தது, கையில் இல்லாதது முறிந்தது. 2024 செப்டம்பர் முதல் எல்லாத் தரை எல்லைகளிலும் ஜெர்மனி மறுபடி சோதனை தொடங்கியபோதும் முடிவு தலைநகரத்தில்தான் பிறந்தது.

இரு நாடுகளும் 2019-இல் கையெழுத்திட்ட ஆகன் ஒப்பந்தம், வட்டாரத்துக்கு அதிகாரம் போதாத இந்த ஓட்டையை முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. எல்லையோரத் திட்டங்களுக்குத் தடையாகும் உள்நாட்டுச் சட்டங்களிலிருந்து விலக்கு அளிக்கலாம், யூரோ மாவட்டங்களுக்குத் தகுந்த அதிகாரம் தரலாம் என்று அது சொல்கிறது. இரு நாட்டு அரசுகள், நாடாளுமன்றங்கள், மாநிலங்கள், உள்ளாட்சிகள் உட்கார்ந்து பேச ஒரு குழுவும் அமைந்தது. குழு கூடுகிறது, பரிந்துரைக்கிறது, விலக்கு மட்டும் எளிதில் வருவதில்லை. பாரிஸுக்கு நாடு முழுக்க ஒரே சட்டம் என்பது பிடிவாதம். பெர்லினுக்கு மாநிலங்களைத் தாண்டிக் கை வைக்கத் தயக்கம். ஒப்பந்தத்தின் முன்னுரிமைப் பட்டியலில் பிரான்ஸின் கோல்மாரையும் ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கையும் மீண்டும் ரயிலால் இணைக்கும் திட்டம் இருக்கிறது. இரு நகரங்களும் கேட்கின்றன, இரு கரை மக்களும் கேட்கிறார்கள். ப்ரைசாக் அருகே ரைன் மீதிருந்த அந்த ரயில் பாலம் போரில் 1945-இல் உடைந்தது. இன்று வரை அது திரும்பக் கட்டப்படவில்லை.