குழந்தையின் கற்பனையும் விசுவாசமும்

‘கற்பனை’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் சபையாரின் நினைவுக்கு வருவன சீனாய் மலையில் அருளப்பட்ட பத்துக் கற்பனைகளே. தமிழ்த் திருமறையின் வழியாக அச்சொல் கட்டளை என்னும் பொருளில் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஓய்வுநாள் பாடசாலையில் சிறுவருக்கு நாம் பெரிதும் கொடுத்துவருவதும் இப்பொருளிலான கற்பனையே. காணாததை மனக்கண்ணால் காணும் ஆற்றலாகிய மற்றைக் கற்பனையை விளையாட்டென்று ஒதுக்கிவிடுகிறோம். சில வேளைகளில் அது பொய்க்கு உறவோ என்றும் ஐயுறுகிறோம்.

இவ்வையத்திற்குத் திருமறையிலேயே ஆதாரம் உண்டெனக் கருதுவோர் ஆதியாகமம் 8:21ஐக் காட்டுவர். மனித இருதயத்தின் நினைவு சிறுவயது முதற்கொண்டு தீயது என்று அங்கே கூறப்படுகிறது. 1611இல் வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அவ்விடத்தில் கற்பனை எனப் பொருள்படும் சொல்லையே வைத்தது. எபிரெய மூலத்திலுள்ள சொல் ‘யேட்செர்’. உருவாக்குதல் என்னும் வினையடியாகப் பிறந்தது அது. எபிரெயத்தில் குயவனுக்கு வழங்கும் பெயரும் அவ்வடியிலிருந்து வந்ததே; ஆதியாகமம் 2:7இல் கடவுள் மனிதனை மண்ணினால் உருவாக்கினார் என்று கூறுவதும் அவ்வினையே. ஏசாயா 26:3இலோ, கடவுளை உறுதியாய்ப் பற்றியிருக்கும் மனத்தைக் குறிக்க இதே ‘யேட்செர்’ வருகிறது. ஆகவே உள்ளத்தில் உருவங்களை வனையும் ஆற்றலைத் தன்னளவில் தீயதென்று கொள்ள இயலாது. அது எதைப் பற்றிக்கொள்கிறது என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

கல்வியாளர் பக்கத்திலிருந்தும் ஓர் ஐயம் எழுந்ததுண்டு. இங்கிலாந்தில் ரொனால்டு கோல்ட்மன் என்பார் எரியும் முட்செடி, செங்கடலைக் கடத்தல், ஆண்டவர் சோதிக்கப்பட்டது ஆகிய மூன்று கதைகளைச் சிறுவருக்குச் சொல்லி, அவர்கள் கூறிய விடைகளை ஆராய்ந்து 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். இளஞ்சிறார் இக்கதைகளைத் தவறாகவே விளங்கிக்கொள்கின்றனர் என்பதும், அத்தவறான கருத்துகள் பின்னர்த் தடையாகும் என்பதும் அவருடைய எச்சரிக்கை. அதை நாம் புறக்கணிப்பதற்கில்லை. எனினும் அவர் அளந்தது கதையை விளக்கிச் சொல்லும் திறனை. விளக்கத் தெரியாத கதைக்குள்ளும் குழந்தை வாழ முடியும் என்பது பேரப்பிள்ளைகளோடு பழகிய எவரும் அறிந்ததே.

இதற்குச் சி. எஸ். லூயிஸின் இளமை நல்லதொரு சான்று. 1898இல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்த அவர், 1955இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் தம் குழந்தைப் பருவத்தை மறைவின்றி ஆராய்கிறார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஆங்கிலிக்கன் குருவானவர். வழிபாடு, ஜெபம் எவற்றிற்கும் குறைவில்லை. ஆயினும் சமய அனுபவம் என்று சொல்லத்தக்கது அப்பருவத்தில் தமக்கு இருந்ததேயில்லை என்கிறார். அவர் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. அண்ணன் வாரன் ஒருநாள் பிஸ்கட் டப்பாவின் மூடியில் பாசியைப் பரப்பி, சிறு குச்சிகளையும் பூக்களையும் நட்டு ஒரு விளையாட்டுத் தோட்டம் செய்து கொண்டுவந்தான். தாம் கண்ட முதல் அழகு அதுவே என்றும், பரதீசைப் பற்றித் தாம் எண்ணும்போதெல்லாம் அத்தோட்டத்தின் சாயல் அதில் இருக்கும் என்றும் லூயிஸ் எழுதுகிறார்.

கடவுளைப் பற்றி அவருக்கிருந்த உருவமோ வேறு. 1908இல் தாயார் நோயுற்றபோது, விசுவாசத்தோடு கேட்டால் கிடைக்கும் என்று கற்றிருந்த சிறுவன் உறுதியாய் ஜெபித்தான். தாயார் அவ்வாண்டு ஆகஸ்டில் மறைந்தார். சிறுவனுக்கு வயது ஒன்பது. அத்தோல்வி தம் சமய வாழ்வைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பது அவர் கூற்று. அதற்கு அவர் காட்டும் காரணமே நம்மை அஞ்சச் செய்கிறது. அவர் கருத்திலிருந்த கடவுள் மீட்பரும் அல்லர், நடுவரும் அல்லர். வேண்டியதைச் செய்துவிட்டு அகன்றுவிடவேண்டிய மந்திரவாதி. அன்போ பயபக்தியோ அங்கில்லை. கட்டளைகளும் ஜெபங்களும் நிறைந்த வீட்டில் கடவுளின் உருவம் மாத்திரம் இவ்வளவு வறியதாய் இருந்தது.

பதின்பருவத்தில் நாத்திகரான அவர், 1916இல் ஜார்ஜ் மெக்டொனால்டு என்னும் ஸ்காத்லாந்துப் போதகர் எழுதிய கற்பனைக் கதையொன்றை வாசித்தார். தம் கற்பனை அன்று ஞானஸ்நானம் பெற்றதென்றும், ஏனைய பகுதிகளுக்கு நாட்கள் பிடித்தன என்றும் பின்னர்க் கூறுகிறார். அவர் கிறிஸ்துவை ஏற்றது 1931இல்.

அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981இல் எழுதிய நூலில், ஏறத்தாழ மூன்று முதல் ஏழு வயதுவரை விசுவாசம் கற்பனையாலேயே வளர்கிறது என்றும், அப்போது பதியும் உருவங்கள் நெடுங்காலம் நிலைக்கின்றன என்றும் காட்டுகிறார். அச்சமூட்டும் உருவங்களால் கற்பனை சிறைப்படக்கூடும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. நரக அக்கினியை வண்ணப்படமாக எழுதி ஐந்து வயதுப் பிள்ளைகள் முன் தூக்கிப் பிடிப்போர் இதைக் கருத்தில் கொள்வாராக.

போதகராகிய நாம் மிகுந்த எச்சரிக்கையாய் இருக்கவேண்டிய இடம் துக்க வீடு. தாயை இழந்த நான்கு வயதுப் பிள்ளையிடம், ‘இயேசப்பா அம்மாவை எடுத்துக்கொண்டார்’ என்று ஆறுதலாகச் சொல்லிவிட்டு வருகிறோம். அன்றிரவு அப்பிள்ளையின் உள்ளம் அச்சொல்லைக் கொண்டு யாரை வனையும்? அம்மாக்களை எடுத்துச் செல்லும் ஒருவரை. நாளை அப்பாவுக்காகவும் வரக்கூடிய ஒருவரை. லாசருவின் கல்லறையருகே ஆண்டவர் அழுததைச் சொல்வதே போதும். அதற்கு விளக்கமும் வேண்டியதில்லை. சில நாட்கள் கழித்து அப்பிள்ளை பொம்மையைத் துணியில் சுற்றி அடக்கம் செய்து விளையாடினால், பெரியவர்கள் அபசகுனம் என்று அதட்டுவார்கள். சந்தைவெளியில் பிள்ளைகள் குழல் ஊதிக் கலியாணமும் ஒப்பாரி வைத்துச் சாவும் விளையாடியதை ஆண்டவர் கண்டிருந்தார் (மத். 11:16, 17), அவர்களை அதட்டியதாக நாம் வாசிப்பதில்லை. அவ்வீட்டாரிடம், பிள்ளை விளையாடட்டும், விடுங்கள் என்று சொல்லிவிட்டு, கூடுமானால் நாமும் அருகே தரையில் சற்று நேரம் உட்காரலாம்.