முக்கால் தொட்டி பெட்ரோலும் மூன்றேகால் ரிங்கிட்டும்

சிங்கப்பூரில் பதிவான காரில் மலேசியாவுக்குப் போகிறவர், எல்லையைத் தாண்டும்போது பெட்ரோல் தொட்டியில் முக்கால் பங்காவது நிரப்பி வைத்திருக்க வேண்டும். முள் அதற்குக் கீழே இருந்தால் 500 வெள்ளி வரை அபராதம், காரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 1989-இல் அரைத் தொட்டி என்று ஆரம்பித்த விதி 1991-இல் முக்காலானது. கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பெட்ரோல், சிங்கப்பூர் விலையில் பாதிகூட இல்லை. காலித் தொட்டியோடு போய் நிரப்பிக்கொண்டு வந்துவிட்டால் தன் பெட்ரோல் வரி என்னாவது என்பது சிங்கப்பூரின் கவலை. மலேசியாவின் கவலை வேறு. சொந்த மக்களுக்காக மானியம் கொடுத்து விற்கிற ரோன்95 பெட்ரோலைப் பக்கத்து நாட்டுக்காரர் அள்ளிக்கொண்டு போவதா என்று, 2010-இல் வெளிநாட்டு வண்டிகளுக்கு அதை விற்கத் தடை போட்டது.

அண்டை நாட்டுப் பயணி எதைப் பார்த்துக் கிளம்புகிறார், எதைப் பார்த்து வீட்டிலேயே இருந்துவிடுகிறார் என்பதைப் புரிந்துகொள்ள இந்த எல்லையைவிடத் தோதான இடம் இல்லை.

ஜெர்மனியிலிருந்து லங்காவிக்கு வருகிறவர் விமான டிக்கெட்டுக்கே பெருந்தொகை கொடுத்துவிடுகிறார். வந்த இடத்தில் சாப்பாடு இரண்டு ரிங்கிட் கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு ஒன்றுமில்லை. ஜொகூர் பாருவுக்கு, சிங்கப்பூர்க்காரர் வாயில் ஜேபிக்கு, பேருந்தில் போகிறவருக்கு வழிச்செலவு சில வெள்ளிதான். அதனால் அங்கே உள்ள விலைதான் அவருடைய முழுக் கணக்கும். அவர் பார்க்கப் போவது காட்சியையும் அல்ல. முடி வெட்டிக்கொள்ள, பல்லைக் காட்ட, காரைக் கழுவ, வாரத்துக்கு வேண்டிய மளிகை வாங்க, ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு ஒரு நடை போக, இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு திரும்ப. 2019-இல் மலேசியாவுக்கு வந்த 2 கோடியே 61 லட்சம் சுற்றுப்பயணிகளில் ஒரு கோடிக்கு மேல் சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள். சிங்கப்பூரின் மக்கள்தொகையே அப்போது 57 லட்சம்தான். காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்கள் இதில் சேர்த்தியில்லை.

இதற்கெல்லாம் நாணய மதிப்பு ஒன்றைத்தான் எல்லாரும் காரணமாகச் சொல்கிறார்கள். பாதி உண்மை. 1973 வரை இரு நாட்டு வெள்ளியும் ஒன்றுக்கொன்று சமமாகவே மாறின. 2025-இல் ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்றேகால் ரிங்கிட் வாக்கில் கிடைத்தது. ஆனால் ரிங்கிட் இறங்கிய அளவுக்கு ஜொகூரில் விலையும் ஏறியிருந்தால் யாருக்கும் ஆதாயம் இருந்திருக்காது. கைத்தொலைபேசியை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலில் வருகிற சரக்கு, இரண்டு ஊரிலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். அதற்காக யாரும் ஜேபிக்கு மெனக்கெட்டுப் போவதில்லை. முடிதிருத்துகிறவரின் உழைப்பையும், கடை வாடகையையும், பல் மருத்துவரின் ஒரு மணி நேரத்தையும் கப்பலில் ஏற்றி அனுப்ப முடியாது. அவை உள்ளூர்ச் சம்பளத்துக்கும் உள்ளூர் நில விலைக்கும் கட்டுப்பட்டவை. சம்பள இடைவெளி இருக்கும்வரை இந்த விலை இடைவெளியும் இருக்கும். எல்லை தாண்டுகிறவர்கள் தேடிப் போவது பெரும்பாலும் இந்த வகைச் சேவைகளைத்தான்.

2024 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கு மூன்றரை ரிங்கிட்டுக்கு மேல் கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது 3.2-க்குப் பக்கத்தில் இறங்கியது. பொருளாதாரப் பக்கத்தில் இது பெரிய செய்தி. சாப்பாட்டு மேசையில்? 40 ரிங்கிட் சாப்பாடு முன்பு 11 வெள்ளி 40 காசு, பிறகு 12 வெள்ளி 50 காசு. ஒரு வெள்ளிக்காக யார் பயணத்தை ரத்து செய்வார்கள்? நாணயம் ஆடும்போது மாறுவது பெரும்பாலும் பணம் மாற்றுகிற நேரம். ரிங்கிட் சரிகிற வாரங்களில் ராஃபிள்ஸ் பிளேஸ் ஆர்கேடில், தமிழ் முஸ்லிம்கள் நடத்துகிற கடைகள் உட்பட, நாணயமாற்றுக் கடைகளுக்கு முன்னால் வரிசை நிற்கும். மாற்றிய ரிங்கிட் அலமாரிக்குள் போய் அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்கும். ரிங்கிட் விழுந்த மறுநாளே கூட்டம் பொங்கும் என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வருமானம் இன்னொரு காரணம், ஆனால் அது இரண்டு பக்கமும் வேலை செய்யும். கையில் காசு கூடினால் மக்கள் அதிகம் பயணம் போவார்கள், ஜேபிக்கு அல்ல, ஜப்பானுக்கு. காசு இறுகினால் ஜப்பானை விட்டுவிட்டு ஜேபிக்குப் போவார்கள். சிங்கப்பூரின் பொருள் சேவை வரி 2023-இல் 7-லிருந்து 8 விழுக்காடாகவும், 2024-இல் 9 விழுக்காடாகவும் ஏறியது. வீட்டில் விலை ஏறுவதும் பக்கத்து நாட்டுக்குக் கொடுக்கிற விளம்பரம்தான். மலேசிய சுற்றுலாத் துறை அதற்கு ஒரு காசு செலவழிக்கவில்லை.

எந்த விலைப் பட்டியலிலும் இல்லாத பெரிய செலவு, நேரம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் பள்ளி விடுமுறை வெள்ளிக்கிழமை மாலை மாட்டிக்கொண்டவரைக் கேட்டுப் பாருங்கள். மூன்று மணி நேரம் காரில் உட்கார்ந்தால் மளிகையில் மிச்சம் பிடித்த 30 வெள்ளிக்கு என்ன மதிப்பு? ஜொகூர் அரசு 2025 ஜனவரியிலிருந்து வார விடுமுறையை வெள்ளி, சனியிலிருந்து சனி, ஞாயிறுக்கு மாற்றியபோது, இரு பக்கத்தாருக்கும் ஓய்வு நாட்கள் ஒன்றாகிவிட்டன. நெரிசல் கூடுமே என்று பலரும் அஞ்சியதில் அர்த்தம் இருந்தது.

ஐந்து நிமிடத்தில் கடக்கிற தெப்ராவ் ரயில் இருக்கிறதே என்பீர்கள். டிக்கெட் கிடைப்பதே அரிது. ஜேபியிலிருந்து உட்லண்ட்ஸுக்கு 5 ரிங்கிட் வாங்குகிற அந்த ரயில், அதே தண்டவாளத்தில் திரும்பி வருவதற்கு 5 வெள்ளி வாங்குகிறது, மூன்று மடங்குக்கு மேல். எந்தக் கரையில் எவ்வளவு கொடுக்க முடியும் என்று ரயில்காரருக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே ஓடப் போகிற புதிய விரைவு ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றும். என் கணிப்பில், ரிங்கிட் இன்னும் பத்து காசு இறங்குவதைவிட இந்த ரயில்தான் ஜேபிக்கு அதிகக் கூட்டத்தைக் கொண்டுவரும்.

இப்படி ஒரே அண்டை நாட்டை நம்பியிருப்பதன் ஆபத்தை ஜொகூர் கண்கூடாகப் பார்த்திருக்கிறது. 2020 மார்ச் 18-இல் மூடிய நில எல்லை, முழுதாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1-இல். இடையில் சிங்கப்பூர்க்காரர்களை வைத்தே பிழைத்த கடைகள் பல கதவைச் சாத்தின. எல்லை திறந்து கூட்டம் திரும்பியபோது வேறு குறை எழுந்தது. வெள்ளியில் சம்பாதிக்கிறவருக்கு மலிவாகத் தெரிகிற விலை, ரிங்கிட்டில் சம்பளம் வாங்கும் உள்ளூர்க் குடும்பத்துக்குக் கடினமாகிறது. அந்தக் குடும்பத்திலிருந்தே ஒருவர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குக் கிளம்புவதும் உண்டு. அதே நாணய இடைவெளிதான். ஒருவரைச் செலவழிக்க அனுப்புகிறது, இன்னொருவரைச் சம்பாதிக்க அனுப்புகிறது. மலேசியர்களும் வடக்கே தாய்லாந்தின் ஹாட்யாய்க்கு வார இறுதியில் இதே போலச் செலவழிக்கப் போகிறார்கள்.

ஜேபிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி வரைதான் பொருள் சேவை வரிவிலக்கு. அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளி. மலேசியாவிலிருந்து வருகிறவருக்கு மதுபானத்தில் தீர்வைச் சலுகை கிடையாது. ரசீதுகளைப் பத்திரமாக வைத்திருங்கள், வரம்பு தாண்டியிருந்தால் சுங்க அதிகாரி கேட்பதற்கு முன்பே நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.