வார்டில் கொடுத்த வாக்கு: முதல் கேளிக்கைப் பூங்கா உலாவுக்கு ஒரு திட்டம்

"சிகிச்சை முடிந்ததும் ராட்டினத்துக்கு அழைத்துப் போகிறேன்." குழந்தைகள் வார்டில் நாங்கள் அடிக்கடி கேட்கும் வாக்கு இது. ஊசிக்குக் கை நீட்டத் தயங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் சொல்லும் ஆறுதல். சிகிச்சை முடிந்த பின்னும் பிள்ளை அதை மறப்பதில்லை. மருந்துச் செலவில் கரைந்த சேமிப்பும், கூட்டத்தில் ஏதேனும் ஆகிவிடுமோ என்ற அச்சமும் பெற்றோரைத் தயங்க வைக்கின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் தந்தை ஒருவர், மகளின் மறுபரிசோதனைக்கு வந்தபோது எங்களிடம் இதைப் பற்றிப் பேசினார். வீட்டில் இதய நோயுள்ள பாட்டி இருக்கிறார். தங்கையின் சிகிச்சைக்காலம் முழுவதும் உறவினர் வீட்டில் இருந்த அண்ணனும் இருக்கிறான். "நால்வரையும் அழைத்துப் போக வேண்டும். கடன் வாங்காமல் முடியுமா, சிஸ்டர்?" என்றார். மனைவியையும் சேர்த்தே நால்வர் என்றார். தம்மைக் கணக்கில் சேர்க்கவில்லை. முடியும் என்றோம். ஐவருக்குமாகச் சேர்ந்து திட்டமிட்டோம். அத்திட்டம் பிற குடும்பங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகிறோம்.

முதலில் மருத்துவரின் அனுமதி

"போகலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். நீரில் இறங்கலாமா, வேகமாகச் சுழலும் ராட்டினங்களில் ஏறலாமா, வெயிலில் எவ்வளவு நேரம் இருக்கலாம், எந்த அறிகுறி தோன்றினால் உடனே திரும்ப வேண்டும் என்று தனித்தனியே கேளுங்கள். இரத்த அணுக்கள் குறைந்துள்ள குழந்தைக்குக் கூட்டமும் பொது நீச்சல் குளமும் ஏற்றவையல்ல. மருந்து செலுத்தும் குழாய் உடலில் இருந்தால் அது நனையக் கூடாது. இதய நோய், உயர் இரத்த அழுத்தம், முதுகெலும்புக் கோளாறு, வலிப்பு நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக ராட்டினங்களைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவால் பாதம் மரத்துப்போனவர்கள் சுடும் சிமெண்ட் தரையில் வெறுங்காலுடன் நடந்தால், கொப்புளம் எழுந்த பிறகே தெரியவரும்.

எங்கே, எப்போது?

முட்டுக்காட்டின் எம்ஜிஎம், ஈஞ்சம்பாக்கத்தின் விஜிபி, திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லா ஆகியவற்றுக்கு நம் பகுதியினர் நகரைக் கடந்து செல்ல வேண்டும். பூந்தமல்லிக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கத்தை அடுத்த பழஞ்சூரில் உள்ள குயின்ஸ்லேண்ட் நமக்கு அருகில் இருப்பது. உடல் தேறிவரும் ஒருவருக்கு, பயண நேரம் குறைவதே பெரிய உதவி. சோர்வு கண்டால் பாதியில் திரும்பவும் அது எளிது.

அக்கினி நட்சத்திர நாட்களையும், மழைக்காலமான அக்டோபர், நவம்பரையும், காணும் பொங்கல் கூட்டத்தையும் தவிருங்கள். பொங்கலுக்குப் பின் பிப்ரவரி வரையுள்ள ஒரு வேலைநாள் நல்லது. திறக்கும் நேரத்திற்கே சென்று, பிற்பகல் இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுங்கள்.

செலவுக் கணக்கு

நுழைவுக் கட்டணம், பயணம், உணவு, எதிர்பாராச் செலவு என நான்கு தலைப்புகளில் எழுதுங்கள். பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, ராட்டினங்கள் கட்டணத்தில் அடங்குமா, ஏறாமல் உடன்வரும் முதியவருக்கும் அதே கட்டணமா, வேலைநாள் சலுகை உண்டா, சக்கர நாற்காலி கிடைக்குமா என்று கேளுங்கள். சில பூங்காக்களில் சிறுவர் கட்டணம் வயதை வைத்தன்று, உயரத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. வீட்டுச் சுவரில் அளந்து வையுங்கள். வெளியுணவை அனுமதிக்காத இடங்களும் உண்டு. நோயாளியின் பத்திய உணவுக்கு மருத்துவரின் கடிதம் போதுமா என முன்பே அறியுங்கள். நீர் விளையாட்டுக்கு நைலான் உடை தேவைப்படலாம். வீட்டிலிருந்தே எடுத்துச் சென்றால் வாடகை மிச்சம்.

2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கும், உடன்செல்லும் ஒருவருக்கும் அச்சலுகை உண்டு. அம்பத்தூர், ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை அதில் சென்று, அங்கிருந்து மட்டும் ஆட்டோ பிடிக்கலாம். மொத்தத் தொகையை நான்காகப் பிரித்து, மாதம் ஒரு பங்கு சேர்த்தால் கடன் தேவைப்படாது.

அன்றைய நாள்

மருந்துகளைக் கைப்பையில் வையுங்கள். இன்சுலினை வெயில் படாமல் குளிர்பையில் வையுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியின் படம் அலைபேசியில் இருக்கட்டும். குழந்தையின் சட்டைப்பையில் உங்கள் எண்ணை எழுதி வையுங்கள். அவசரத்திற்கு 108.

குடும்பத்தில் மிகவும் சோர்ந்தவரின் அளவுக்கு நாளை வகுத்துக்கொள்ளுங்கள். பத்து ராட்டினங்கள் வேண்டாம், மூன்று போதும். இடையில் நிழலில் அமருங்கள். ஆனால் உடல்நலமுள்ள பிள்ளைக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நோயின் காலத்தில் ஓசையின்றி விட்டுக்கொடுத்தவன் அவன்.

அந்தக் குடும்பம் சென்று வந்தது. பாட்டி மர நிழலில் பைகளைக் காத்தார். மகள் சிறுவர் ரயிலில் இருமுறை சுற்றினாள். அண்ணன் தந்தையோடு உயர ராட்டினத்தில் ஏறினான். "ரொம்ப நாளுக்கு அப்புறம் அப்பாவோடு தனியா இருந்தேன்" என்று அவன் தாயிடம் சொன்னானாம்.

உங்கள் வாக்கும் மீதமிருந்தால், அடுத்த மறுபரிசோதனையின்போது எங்களிடம் சொல்லுங்கள், சேர்ந்து திட்டமிடுவோம்.