திருக்கை வடிவில் வந்த போர்க்கப்பல்

பழவேற்காட்டு மீனவர்களுக்குத் திருக்கை புதிதல்ல. தட்டையான உடல், சிறகாய் விரிந்த துடுப்பு, நீண்ட வால். அதன் இனத்தில் மிகப் பெரிய கொம்புத் திருக்கைதான் 1953-இல் ஹாலிவுட் திரையில் உலகையே அழிக்கக் கிளம்பியது!

ஜார்ஜ் பால் தயாரித்த ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ படத்துக்காக, கலை இயக்குநர் ஆல்பர்ட் நொசாகி செவ்வாய்க் கிரகவாசிகளின் போர்க்கப்பலை அந்த மீனின் சாயலில் வடிவமைத்தார். செம்பில் செய்த மாதிரிகளை மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டுப் படமாக்கினார்கள். சிறப்புக் காட்சிகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

அன்றைய டெக்னிகலர் பிரதிகளில் கம்பி கண்ணில் படவில்லை. பின்னாளில் வேறு வகைப் படச்சுருளில் எடுத்த பிரதிகளிலும், வீட்டுக்கு வந்த டிவிடியிலும் அது பளிச்சென்று தெரிந்தது. பார்த்தவர்கள் படத்தைக் குறை சொன்னார்கள். குறை பிரதியில்தான் இருந்தது. நிறங்களைப் பழையபடி மீட்டு, கம்பிகளை மறைத்த சீரமைப்புப் பதிப்பை 2020-இல் கிரைட்டீரியன் நிறுவனம் ப்ளூ-ரேயில் வெளியிட்டது.

நம் கரையும் இந்த விண்வெளிக் கதைகளுக்கு வெளியே இல்லை. 2018-இல் வந்த ‘டிக் டிக் டிக்’ படத்தில் விண்கல் விழுவது, பழவேற்காட்டுக்குத் தெற்கே இருக்கும் எண்ணூரில். வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் இங்குள்ள மீனவர்களுக்குக் கடலுக்குப் போகக் கட்டுப்பாடு உண்டு.

வேற்றுக்கிரகத்தைத் தமிழில் காட்டிய ‘கலை அரசி’ வெளியானது 1963-இல். எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த அந்தப் படமும் ‘தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்’ போலவே அக்கறையோடு சீரமைக்கப்பட்டு நம் வீடுகளுக்கு வரவேண்டும்.