பூப்பறிக்கும் வீட்டுக்கும் ஷேக்ஸ்பியர்

பனமரத்துப்பட்டிப் பக்கம், விடிவதற்குள் அரளி மொட்டு பறித்துச் சேலம் வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் பல வீடுகளில் அடுத்த வேலை. அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஷேக்ஸ்பியர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எதற்கென்று கேட்காமல் எழுதிக் கொடுத்தவர் பன்மொழிப் புலவர் கா. அப்பாத்துரையார்.

1907இல் ஆரல்வாய்மொழியில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படித்தார், தமிழில் எம்.ஏ. முடித்தார், இந்தியும் கற்றுத் திருநெல்வேலி ம.தி.தா. இந்துக் கல்லூரியில் அதையே கற்பித்தார். அதே மனிதர்தான் இந்தித் திணிப்பை எதிர்த்தும் நின்றார். பிறகு அமராவதிபுதூர் குருகுலத்தில் தலைமையாசிரியர். அங்கே படித்த முத்தையா என்ற பையன்தான் பின்னாளில் கண்ணதாசன்.

வகுப்பறைப் பழக்கம் அவர் பேனாவை விடவில்லை. ஷேக்ஸ்பியர் நாடகங்களை உரைநடைக் கதைகளாகச் சொன்னார். முதலில் கதை பிடிபடட்டும், நாடகம் பிறகு வரட்டும் என்பது எந்த நல்ல வாத்தியாருக்கும் தெரிந்த வழி. டால்ஸ்டாய், பெர்னார்ட் ஷா என்று வாழ்க்கை வரலாறுகளும் எழுதினார். என் கணக்கில் இவற்றையெல்லாம்விடப் பெரிய உபகாரம் வேறொன்று. அஞ்சல் துறை அதிகாரியான வி. கனகசபைப் பிள்ளை, சங்க காலத் தமிழரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1904இல் வந்தது. தமிழனின் பழங்கதை, தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு எட்டாத மொழியில் கிடந்தது. அதை ‘ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகட்கு முற்பட்ட தமிழகம்’ என்று தமிழாக்கியவர் அப்பாத்துரையார்.

குறையும் உண்டு. குமரிக்கண்டம் பற்றி அவர் எழுதியதை வரலாறாக நான் எடுத்துக்கொள்வதில்லை. ஆசை ஆதாரத்தை முந்திவிட்ட புத்தகம் அது. தனித்தமிழ்ப் பிடிப்பும் சில பக்கங்களில் வேகத்தைக் குறைக்கிறது. ஆனாலும் சென்னைப் பல்கலைக்கழக ஆங்கிலம்-தமிழ் அகராதிப் பணியில் உழைத்த ஒருவர், சாதாரண வாசகனுக்கு எழுதுவதைக் கீழான வேலையாக நினைக்கவில்லை. நம் பேராசிரியர்கள் பலருக்கு இன்னும் அந்த மனம் வரவில்லை.

1989இல் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட அவர் நூல்கள் நாட்டுடைமையாகிவிட்டன. ‘அப்பாத்துரையம்’ என்று 40 தொகுதிகளாகவும் வந்திருக்கின்றன. உங்கள் ஊர் நூலகத்தில் இல்லையென்றால், நூலகரிடம் கேட்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.