விலையும் விடுமுறையும்

அமெரிக்காவின் அனஹைம் நகரில் 1955இல் திறக்கப்பெற்றது டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்கா. அந்நாளில் பெரியவர்க்கு நுழைவுக் கட்டணம் 1 டாலர். விளையாட்டுகளுக்குத் தனிச் சீட்டு. வேண்டியவற்றை மட்டும் தேர்ந்து செலவைச் சுருக்கலாம். 1982இல் அனைத்துக்கும் ஒரே சீட்டு என்றாயிற்று. 2016 முதல் விலை நாளுக்கு நாள் வேறுபடலாயிற்று. 2024 அக்டோபரில் ஒரு நாள் சீட்டின் உச்ச விலை 206 டாலராக உயர்ந்தது.

கூட்டம் மிகும் நாளில் விலையை ஏற்றினால், சிலர் வேறு நாளுக்கு மாறுவர் என்பதே இம்முறையின் கருத்து. ஆனால், கூட்டம் மிகுவது பள்ளி விடுமுறையிலன்றோ? பள்ளிப் பிள்ளைகளையுடைய பெற்றோர் எவ்வாறு மாறுவர்? பத்து வயது நிரம்பிய நால்வர்க்கு அவ்வுச்ச விலையில் 824 டாலர் வேண்டியிருந்தது. ஆகவே, பயண நாள்களைக் குறைப்போரும், பயணத்தையே கைவிடுவோரும் உளர். விலை கூட்டத்தைப் பகிர்ந்தளிக்கிறது. சுமையையோ, நாளை மாற்ற இயலாதார் தலைமேல் வைக்கிறது.