சிஆர்பி அதிகம் என்றால் ஐவிஎஃப் கைகொடுக்காதா?

ஐவிஎஃப் எனப்படும் செயற்கைக் கருத்தரிப்புக்குத் தயாராகிறீர்கள். ரத்தப் பரிசோதனை முடிவில் 'சிஆர்பி' என்ற வரிக்குப் பக்கத்தில் மட்டும் 'அதிகம்' என்ற குறி. உடனே இணையத்தில் தேடுகிறீர்கள். "உடம்பில் அழற்சி இருந்தால் கரு தங்காது" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்னொருவர் அதைக் குறைக்க மாத்திரை விற்கிறார்.

கொஞ்சம் பொறுங்க. அந்த எண் என்ன சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்று பார்ப்போம்.

சிஆர்பி என்றால் என்ன?

நாம் பேச்சில் இன்ஃபிளமேஷன் என்கிறோமே, அதுதான் அழற்சி. கிருமி நுழைந்தாலோ காயம் பட்டாலோ உடல் காட்டும் எதிர்ப்பு. அப்போது கல்லீரல் சிஆர்பி என்ற புரதத்தை ரத்தத்தில் கலக்கிறது. 1930இல் நியூயார்க்கில், நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் அது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது.

வீட்டில் உள்ள புகை எச்சரிக்கைக் கருவி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வீடு பற்றி எரிந்தாலும் அடிக்கும், சாம்பிராணிப் புகைக்கும் அடிக்கும். சளிக்காய்ச்சல், ஈறு வீக்கம், போன வாரம் போட்ட தடுப்பூசி எல்லாமே சிஆர்பியை ஏற்றலாம். உடலில் கொழுப்பு கூடினாலும் ஏறும். கருத்தடை மாத்திரையும் ஏற்றும். ஐவிஎஃப் சுழற்சி பல நேரம் அந்த மாத்திரையோடுதான் தொடங்குகிறது என்பது வேடிக்கை.

லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போனால் 'அதிகம்' என்று பல அறிக்கைகள் சொல்லும். அந்தக் கோடு இதய நோய் அபாயத்தைக் கணிக்கப் போடப்பட்டது. கருப்பைக்காகப் போட்டதல்ல. 10ஐத் தாண்டினால் பெரும்பாலும் கிருமித்தொற்றோ வேறு காரணமோ இருக்கும். அது சரியான பிறகு மீண்டும் சோதிப்பார்கள்.

அப்போ, தொடர்பே இல்லையா?

இருக்கு. எண்டோமெட்ரியோசிஸ், பிசிஓஎஸ், உடற்பருமன் ஆகிய மூன்றிலும் மெல்லிய அழற்சி நீண்டகாலம் நீடிக்கலாம், கருத்தரிப்பதும் சிரமமாகலாம். ஆனால் அழற்சிதான் காரணமா, கூடவே வரும் துணையா என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. இன்னொன்று: கரு கருப்பைச் சுவரில் பதியும்போதே அங்கே சிறிய அளவில் அழற்சி நடக்கிறது. அது வேண்டிய ஒன்று. அதனால் அழற்சியை அடியோடு ஒழிப்பது நோக்கமாக இருக்க முடியாது.

அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் 'ஈகர்' ஆய்வு. ஏற்கெனவே ஓரிரு முறை கருச்சிதைவைச் சந்தித்த 1,228 பெண்கள். ஒரு பாதியினருக்குத் தினமும் 81 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறு பாதியினருக்கு மருந்தில்லாத மாத்திரை. 2014இல் வந்த முடிவு: மொத்தத்தில் குழந்தைப் பேற்றில் வித்தியாசம் இல்லை. 2017இல் அதே பெண்களைச் சிஆர்பி அளவுப்படி மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். அளவு அதிகம் இருந்த பிரிவில், வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 44 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 59 விழுக்காடு.

கேட்க நம்பிக்கையாகத்தான் இருக்கு. ஆனால் அவர்கள் இயற்கையாகக் கருத்தரிக்க முயன்றவர்கள், ஐவிஎஃப் நோயாளிகள் அல்லர். முடிவு வந்த பிறகு பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் இன்னோர் ஆய்வு அதை உறுதிசெய்ய வேண்டும். எனவே அலமாரியில் இருக்கும் ஆஸ்பிரினை நீங்களாகவே எடுத்து விழுங்காதீர்கள். ரத்தக்கசிவு அபாயம் உண்டு. அதிலும் டெங்கி பரவும் சிங்கப்பூரில், காய்ச்சலோடு ஆஸ்பிரின் எடுப்பது ஆபத்து.

ரத்தத்தில் தெரியாத அழற்சி

சிகிச்சையை உண்மையில் பாதிக்கக்கூடிய சில சிக்கல்கள் ரத்தப் பரிசோதனையில் பிடிபடாமல் போகலாம். கருக்குழாயில் நீர் கோத்திருந்தால் ஸ்கேனில் தெரியலாம். ஐவிஎஃப்புக்கு முன் அந்தக் குழாயை அகற்றுவது கருத்தரிக்கும் வாய்ப்பைக் கூட்டும். கருப்பை உட்சுவரில் நாள்பட்ட அழற்சி இருக்கிறதா என்று அறியத் திசுவை எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிஆர்பியைத் தாண்டி, ரத்தத்தில் 'என்கே' நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணும் சோதனையும் உண்டு. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2023இல் அதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் ஸ்டீராய்டு, இன்ட்ராலிப்பிட் சொட்டு மருந்து இரண்டுக்கும் அதே பதில்தான்.

இங்கே நேரம்தான் பெரிய கணக்கு. கேகே, சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை ஆகியவற்றில் தகுதிபெறும் சிங்கப்பூர்த் தம்பதிக்கு அரசாங்கம் 75 விழுக்காடு வரை மானியம் தருகிறது. மனைவிக்கு 40 வயதானபின் அந்த மானியத்தில் அதிகபட்சம் 2 சுழற்சிதான், அதுவும் 40க்கு முன்பே சிகிச்சைக்கு முயன்றிருந்தால். 39 வயதில் இருக்கும் உங்களிடம், சிஆர்பி இறங்கட்டும், ஆறு மாதம் பொறுங்கள் என்று யாராவது சொன்னால், ஏன் என்று மருத்துவரிடம் அங்கேயே கேட்டுவிடுங்கள்.